கதிரை குறையட்டும், பிள்ளை குறைய வேண்டாம்

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியர்களுக்கும், வகுப்பு விருந்தை முன்னின்று நடத்தும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்மாரே, சேர்மாரே, உம்மா வாப்பாமாரே, அம்மா அப்பாமாரே,

ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். அந்த ஒரு வாரம் நமது கரையோரப் பாடசாலைகளில் கடதாசிப் பூமாலை தொங்காத வகுப்பு இல்லை. வருட முடிவில் மறுபடியும் ஒரு விருந்து வரும். கேக் யார் பொறுப்பு, ரோல்ஸ் யார் பொறுப்பு, இளநீர் எந்தத் தோட்டத்திலிருந்து என்பதெல்லாம் வட்ஸ்அப் குழுவில் இரண்டு கிழமைக்கு முன்பே முடிவாகிவிடும். என்ன விளையாட்டு என்பதை மட்டும் அன்று காலையில்தான் யோசிப்போம். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துச் சத்தம் போடத் தொடங்கியதும் யாராவது ஒருவர், "கதிரைகளை வட்டமாப் போடுங்க, சங்கீதக் கதிரை வைப்பம்" என்பார்.

இருபத்தெட்டு வருடம் அப்படிச் சொன்னவள் நான். அதனால்தான் இந்த மடலை எழுதும் துணிவும் கடமையும் எனக்கு இருக்கின்றன.

ஒரு வருட இறுதி விருந்து. தரம் 2, முப்பது பிள்ளைகள், இருபத்தொன்பது கதிரைகள். முதல் சுற்றிலேயே ஒரு பையன் வெளியே வந்தான். எதற்கும் கொஞ்சம் தயங்கி நிற்கும் பிள்ளை. அன்றைக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தான். சுவரோரம் போய் நின்றுகொண்டான். பாட்டு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நாங்கள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம். எவ்வளவோ நேரம் கழித்து என் சேலைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். "டீச்சர், நான் வீட்ட போகட்டா?" என்றான். "கொஞ்சம் பொறு மகன், இப்ப கேக் வெட்டுவம்" என்றேன். அவன் கேட்டது ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்று என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள், தரம் 5 பிள்ளைக்குத் தெரிந்த கணக்குத்தான். முப்பது பேர் ஆடும் சங்கீதக் கதிரை முடிய 29 சுற்று வேண்டும். எல்லாரும் எல்லாச் சுற்றும் ஆடியிருந்தால் 870 வாய்ப்பு. சுற்றுக்கு ஒருவர் குறைந்துகொண்டே போவதால், உண்மையில் ஆடுவது 464 தான். மிச்சம் 406 வாய்ப்பும் சுவரோரம் நிற்பதில் போகிறது. வகுப்பின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி! அதிலும் அதிக நேரம் நிற்பவர் யார்? ஓடத் தெரியாதவர், தள்ளத் தெரியாதவர், கூச்சப்படுபவர். எந்தப் பிள்ளைக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறோம். கடைசியில் கதிரையில் உட்காரும் பிள்ளைக்கோ விளையாட்டு வேறெங்கும் தாராளமாகக் கிடைக்கும்.

"தோற்கவும் பழக வேண்டாமா டீச்சர்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வேண்டும். அதற்கு இல்ல விளையாட்டுப் போட்டி இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையும் அதன் வெட்டுப்புள்ளியும் இருக்கின்றன. பத்து வயதுக்குள் நம் பிள்ளைகள் தோற்க வேண்டிய அளவுக்குத் தோற்றுவிடுகிறார்கள். தோற்பது வேறு, வெளியே நிற்பது வேறு. கிளித்தட்டில் தோற்ற பக்கம் அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டில் நிற்கும். சங்கீதக் கதிரையில் தோற்ற பிள்ளைக்கு அடுத்த ஆட்டமே இல்லை. வருடத்தில் ஒருநாள், வகுப்பு ஒன்றாகச் சந்தோஷமாக இருப்பதற்கென்றே வைத்த நாள், அந்த நாளுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்பதுதான் என் கட்சி.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்று வழிகளில் கற்பிக்கச் சொன்னது. சின்ன வகுப்புகளில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். 1989இன் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 31ஆம் உறுப்புரை விளையாடுவதைப் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றது. 2024 முதல் ஜூன் 11ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச விளையாட்டு தினமாக்கியிருக்கிறது. உரிமை என்றால் எல்லாருக்கும் உள்ளது. முதல் சுற்றில் வெளியேறியவருக்கும் உள்ளது.

விளையாட்டு என்ன செய்யும் என்பதை நமது மாவட்டம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி வந்து இறங்கியது புத்தளத்தில்தான். கிடுகு வேய்ந்த கொட்டில்களில் வகுப்பு நடந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே வாங்கில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மன்னார்ப் பிள்ளை, முல்லைத்தீவுப் பிள்ளை, அவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்த உள்ளூர்ப் பிள்ளை. வகுப்புக்குள் பேச்சே இருக்காது. இடைவேளையில் மணலில் கிளித்தட்டுக் கோடு கீறியதும் சண்டை தொடங்கும். "எங்கட ஊர்ல கிளி நடுக்கோட்டாலதான் ஓடும்", "எங்கட ஊர்ல சுத்திவரவும் ஓடும்" என்று ஆளுக்கொரு சட்டம். சண்டை பிடித்துப் பிடித்து, கடைசியில் எந்த ஊரிலும் இல்லாத ஒரு சட்டத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அது ஒரு வகுப்பாயிற்று. அதைச் செய்தது நானல்ல, என் பாடத்திட்டமும் அல்ல.

சரி, குறை சொல்லி முடித்தாயிற்று. சங்கீதக் கதிரைக்குப் பதிலாக என்ன வைப்பது? நான் வகுப்பில் வைத்துப் பார்த்தவற்றைச் சொல்கிறேன். எதற்கும் காசு தேவையில்லை.

முதலில் சங்கீதக் கதிரையையே திருத்திக்கொள்ளலாம். கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் இருந்த விளையாட்டு உளவியலாளர் டெரி ஓர்லிக், 1978இல் வெளியிட்ட நூலில் ஒத்துழைப்பு விளையாட்டுகளைத் தொகுத்தார். அவர் பரப்பிய முறையில், ஒவ்வொரு சுற்றிலும் கதிரை ஒன்று குறையும், ஆனால் ஆள் குறையாது. மிச்சமுள்ள கதிரைகளில் எல்லாரும் எப்படியாவது இடம் பிடிக்க வேண்டும். ஒருவர் மடியில் ஒருவர், ஒருவர் தோளைப் பிடித்தபடி ஒருவர். "இவனுக்கு இடம் விடு" என்று அவர்களே கத்துவார்கள். எங்கள் வகுப்புகளுக்கு ஏற்ப இதைக் கொஞ்சம் மாற்றினேன். கதிரை சரிந்து விழும் என்பதால் கதிரைக்குப் பதில் பழைய பாயையோ சாக்கையோ விரித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பாயை ஒரு மடிப்பு மடித்தால் போதும். தரம் 4, 5இல் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பாய், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாய். பாட்டு வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளும் நம் ஊரில் இருக்கின்றன. அவர்களைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. நான் மேசையில் தட்டுவேன், சில நேரம் ஒரு பிள்ளையையே கைதட்ட விடுவேன். கைதட்டு நின்றால் பாய்க்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நான் 'கரைவலை' என்று பெயர் வைத்த ஓட்டம். உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்காத பிள்ளை அந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஒரு கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, மறு கயிற்றோடு கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் ஆட்கள் அம்பா பாடி இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் நெருங்கும், நடுவில் மடி வரும். ஆட்டமும் அதே மாதிரித்தான். மைதானத்தில் இருபது அடி நடை நீளம், பதினைந்து அடி நடை அகலத்துக்கு ஒரு பெட்டி கீறுங்கள். அதுதான் களப்பு. இரண்டு பிள்ளைகள் கைகோத்தால் வலை, மற்றவர்கள் மீன். வலையின் இரண்டு ஓரக் கைகளால் மட்டும்தான் தொடலாம். தொடப்பட்ட மீன் வெளியே போகாது, வலையின் ஓரத்தில் சேர்ந்துகொள்ளும். கை விட்டுப்போனால் வலை அறுந்தது, அப்போது தொட்டது கணக்கில்லை. வலையில் எட்டுப் பேர் சேர்ந்ததும் இரண்டு வலையாகப் பிரியலாம். கடைசியாக மிஞ்சும் இரண்டு மீனும் அடுத்த ஆட்டத்துக்கு வலை. தரம் 3க்கு மேல் இந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இதில் நான் கண்ட ஒரு விஷயம்: வேகமாக ஓடும் பிள்ளை வலையின் நடுவில் மாட்டிக்கொண்டால் பயனில்லை. ஓரத்தில் இருக்கும் மெதுவான பிள்ளையை இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். அவனுடைய வேகத்துக்கு வகுப்பே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் அதைத்தான் எதிர்பார்ப்பார். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணிப்போகும்.

மூன்றாவது, கிளித்தட்டு. தரம் 4, 5க்கு. பாலாவிப் பக்கம் போகும்போது உப்பளப் பாத்திகளைக் கவனித்திருப்பீர்கள். நீளப் பெட்டி, நடுவில் ஒரு வரம்பு, குறுக்கே பல வரம்பு. கிளித்தட்டுக் கோடு அப்படியேதான். குறுக்குக் கோடுகளில் ஒரு பக்கத்தார் நிற்க, நடுக்கோட்டில் கிளி ஓட, மற்றப் பக்கத்தார் தொடுபடாமல் கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். முப்பது பேருக்கு ஒரு தட்டுப் போதாது, இரண்டு கீறுங்கள். விருந்து நாளுக்கு ஒரே ஒரு மாற்றம்: தொடுபட்ட பிள்ளை வெளியே போகாமல், தொடக்கப் பெட்டிக்குத் திரும்பி மறுபடி புறப்படட்டும். பத்து நிமிடத்தில் எத்தனை பேர் போய்த் திரும்பினார்கள் என்று எண்ணி, பக்கங்களை மாற்றுங்கள்.

தரம் 1, 2 குஞ்சுகளுக்கு 'கடல், கரை' போதும். ஒரு கோடு. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கரை. "கடல்" என்றால் அங்கே பாய வேண்டும், "கரை" என்றால் இங்கே. "கரை" என்று இரண்டு தடவை சொல்லி ஏமாற்றலாம். பிழையாகப் பாய்ந்த பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். அதுதான் அடுத்து வந்து குரல் கொடுக்கும் பிள்ளை. அப்படி வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? குரல் கொடுக்கும் ஆசையில் வேண்டுமென்றே பிழை விடுவார்கள். விடட்டும். பிழை விட்டவருக்கு வேலை கொடுக்கும் ஒரு விளையாட்டாவது பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.

புத்தாண்டுக் காலத்தில் எல்லாரும் வைக்கும் யானைக்குக் கண் வைத்தலைக் கற்பிட்டிப் பிள்ளைகளுக்காகக் கழுதைக்கு வால் வைத்தலாக மாற்றினேன். நம் தெருவில் திரிவது கழுதைதானே. மேற்கு நாட்டு விருந்துகளிலும் கழுதைக்கு வால் வைப்பது பழைய விளையாட்டு. கண் கட்டிய பிள்ளை ஒன்று, பார்த்துச் சிரிப்பவர் இருபத்தொன்பது என்பதுதான் இதிலுள்ள குறை. அதற்கு ஒரு வழி: ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒருவர் கண்ணைக் கட்ட, மற்ற நால்வரும் வாயால் மட்டும் வழி சொல்லட்டும். "வலப்பக்கம் ரெண்டு எட்டு, கையை மேல, இன்னும் மேல." வலம் இடம் தெரியாத பிள்ளைக்கு அன்றோடு தெரிந்துவிடும். கரும்பலகையில் வெண்கட்டியால் ஐந்தாறு கழுதை வரைந்தால் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் ஆடலாம்.

ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டால் மைதானத்தை மறந்துவிடுங்கள். வகுப்புக்குள் ஆட ஒன்று சொல்கிறேன். 1901இல் கிப்ளிங் எழுதிய 'கிம்' என்ற நாவலில், தட்டில் உள்ள கற்களைப் பார்த்து நினைவில் வைக்கும் பயிற்சி ஒன்று வரும். பேடன் பவல் அதைச் சாரணருக்கு விளையாட்டாக்கினார். நமக்குக் கற்கள் எதற்கு? ஒரு சுளகில் சோகி, சிப்பி, குரும்பட்டி, பனங்கொட்டை, உப்புக்கட்டி, ஈர்க்கு, வலைத்துண்டு, மிதப்பு, தும்பு, சிரட்டை, புளியங்கொட்டை, காய்ந்த மிளகாய் என்று பன்னிரண்டு பொருள் வையுங்கள். ஒரு நிமிடம் பார்க்கட்டும். துணியால் மூடுங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தாளில் எழுதட்டும். ஒருவர் மறந்ததை இன்னொருவர் சொல்வார். எழுத வராத பிள்ளை வரைந்து காட்டலாம். பக்கத்துச் சிங்கள மொழிப் பாடசாலைப் பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் இருந்தால் இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பெயர் எழுத வேண்டும் என்று வையுங்கள். அங்கே யாரும் தனியாக வெல்ல முடியாது.

இனி, வைக்க வேண்டாம் என்று நான் சொல்லும் சில.

பலூன் உடைத்தல். நம் கரைக் காற்றை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்தக் காற்றுக்காகத்தான் கற்பிட்டிக்குப் பட்டம் கட்டிய பலகையோடு வெளிநாட்டார் வருகிறார்கள், மாம்புரியில் காற்றாலை சுற்றுகிறது. பலூன் காலில் நிற்காது. உடைந்த துண்டு களப்புக்குப் போகும், அதைவிட மோசம், சின்னப் பிள்ளையின் தொண்டைக்குள் போகும். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உடைந்த பலூன் மூச்சடைக்கும் ஆபத்து என்று பலூன் பையிலேயே பல கம்பனிகள் அச்சிடுகின்றன.

கயிற்றில் தொங்கும் பணிஸ் தின்னல். வாயால் பாதி கடித்து மிச்சம் மணலில் விழும். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அது பார்க்க நன்றாக இல்லை. முட்டி உடைத்தல் பெரியவர்களுக்கு. கண் கட்டி, கையில் பொல்லுக் கொடுத்து, சுற்றிவர முப்பது சின்னத் தலைகளை நிறுத்துவது புத்தியல்ல. தண்ணீர் நிரப்பும் ஓட்டமும் வேண்டாம். குடிதண்ணீருக்கு வாளி தூக்கும் ஊரில் தண்ணீரைக் கொட்டி விளையாடப் பிள்ளைக்குக் கற்பிக்கக் கூடாது. சிரட்டையில் மணல் கொண்டு ஓடினாலும் அதே சிரிப்புத்தான் வரும்.

நேரத்தையும் பாருங்கள். பத்து மணிக்குப் பிறகு நமது மணல் சுடும். அநேகம் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுவார்கள். ஆகவே விளையாட்டு முதலில், சாப்பாடு பிறகு. தொடங்குமுன் இரண்டு பெற்றோர் மைதானத்தை ஒருமுறை நடந்து, மட்டி ஓடு, போத்தல் துண்டு, நெருஞ்சி முள் பொறுக்கட்டும். ஓட முடியாத பிள்ளை வகுப்பில் இருந்தால், புள்ளி எழுதும் வேலையை மட்டும் கொடுத்து ஒதுக்காதீர்கள். கடல் கரை சொல்லும் குரலும், கழுதைக்கு வழி சொல்லும் வாயும் அந்தப் பிள்ளைக்கும் இருக்கின்றன.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. விருந்துக்கு இவ்வளவு என்று வட்ஸ்அப்பில் போட்டதும், அன்றைக்குக் காய்ச்சல் என்று வராமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அந்தக் காய்ச்சலின் பெயர் உங்களுக்கும் தெரியும். விளையாட்டுக்குக் காசு வேண்டியதில்லை. வியன்னா அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகெல் 1560இல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகள் அதில். பிள்ளைகளின் கையில் இருப்பது பீப்பாய் வளையம், குச்சி, எலும்புத் துண்டு. அந்த எலும்புத் துண்டு ஆட்டம், நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கல்லை எறிந்து பிடிக்கும் கொக்கானுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. நமக்கு மணல் இருக்கிறது, ஓலை இருக்கிறது, சிரட்டை இருக்கிறது. பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால், வென்ற ஒருவருக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கும் காசுக்கு நல்ல தும்புக்கயிறு ஒன்று வாங்கி வகுப்புக்கே கொடுங்கள். வருடம் முழுக்க இழுக்கலாம், பாயலாம், பெட்டி கட்டலாம்.

என் பழைய மாணவர்கள் சிலர் இப்போது உங்களில் பெற்றோராக இருக்கிறார்கள். சேலைத் தலைப்பை இழுத்த அந்தப் பையனும் இருக்கக்கூடும். அவனிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவன் பிள்ளையின் வகுப்பில் நீங்கள் கேட்கலாம், ஒரு பாயை விரித்து.

இந்த ஒக்டோபரில் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். விளையாட்டு நடக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, சுவரோரம் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர் நின்றாலும் ஆட்டத்தை நிறுத்தி, சட்டத்தை மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்று தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருத்தி,
கற்பிட்டி